அரைமணி நேரத் தின்பண்டம்

கோடை விடுமுறை முடிந்து தமிழ்நாட்டிலிருந்து திரும்பும் குடும்பங்களின் பெட்டிகளுள் ஒரு பெரிய டப்பா தவறாமல் இருக்கும். முறுக்கு, தட்டை, சீடை, அதிரசம் எனப் பாட்டியோ அத்தையோ இரண்டு மூன்று நாள் அடுப்படியில் நின்று செய்து நிரப்பிக் கொடுத்த டப்பா அது. தில்லி நோக்கி ஓடும் தொடர்வண்டி நாக்பூரைக் கடப்பதற்குள் அதன் மூடி இருமுறை திறக்கப்பட்டிருக்கும். ஜூலை மாதம் முடிவதற்குள் உடைந்த துண்டுகளும் எண்ணெய் படிந்த தாளுமே அடியில் எஞ்சும்.

அடுத்த பயணம் வரையில் மாலைப் பசிக்குத் தெருமுனைக் கடையில் தொங்கும் பளபளப்பான பொட்டலங்களே விடை என்னும் எண்ணம் பல வீடுகளில் வேரூன்றிவிட்டது. ஊரை விட்டு வந்தவர்களுக்கு இது தவிர்க்க இயலாதது என்றும், வீட்டில் செய்வதற்கு நேரமும் ஆளும் இல்லை என்றும் பெற்றோர் கூறுவர். நேரம் இல்லை என்பது உண்மை. கணவனும் மனைவியும் பணிக்குச் செல்லும் வீட்டில் மாலை ஏழு மணிக்கு மேல் யாரும் முறுக்குப் பிழிய அமர்வதில்லை. ஆனால் அதனால் கடைப் பொட்டலம் ஒன்றே வழி என்று முடிவு செய்வது சரியன்று.

இப்பிழைக்குக் காரணம் அந்த டப்பாதான். அதில் இருப்பவை அனைத்தும் கடினமான பண்டங்கள். முறுக்குக்கு அரிசியைக் களைந்து, உலர்த்தி, மாவாக்கி, உளுந்து மாவை அளவாகச் சேர்த்து, அச்சில் இட்டுப் பிழிய வேண்டும். அதிரசத்துக்கு ஈர அரிசி மாவில் பாகு ஊற்றிக் கிளறி, ஓரிரு நாள் ஊற வைத்த பின்னரே எண்ணெயில் இடலாம். சீடையோ ஆபத்தும் உடையது. உருண்டையின் உள்ளே ஈரம் அடைபட்டுவிட்டால் காய்ந்த எண்ணெயில் அது வெடித்துச் சிதறும். இவை திருநாளுக்கு உரியவை. உறவினர் பலர் கூடி, பேசிக்கொண்டே செய்பவை. தமிழ்ப் பலகாரம் என்றாலே இவைதாம் என்று எண்ணும் பிள்ளைகள், இவற்றைத் தம் வீட்டில் செய்ய இயலாது என்பதைக் கண்டு, எதையுமே செய்ய இயலாது என்று முடிவு செய்துவிடுகின்றனர்.

தமிழர் அடுக்களையில் இன்னொரு வகைப் பண்டமும் உண்டு. அதற்கு நாளும் கிழமையும் வேண்டா. எண்ணெய்ச் சட்டி வேண்டா. பள்ளியிலிருந்து வந்த பிள்ளை பசிக்கிறது என்று சொன்னவுடன், புத்தகப் பையை இறக்கி வைத்துக் கை கால் கழுவி வருவதற்குள் தட்டில் வந்து சேரும் பண்டம் அது. வெல்லம் கலந்த அவல், தாளித்த பொரி, பொட்டுக்கடலை மாவுருண்டை, எள்ளுருண்டை, வேர்க்கடலையும் வெல்லமும் என இவ்வகையைச் சொல்லிக்கொண்டே போகலாம். இவற்றை யாரும் டப்பாவில் அடைத்துத் தொடர்வண்டியில் அனுப்புவதில்லை. ஊரில் இவை மிக எளிதாகக் கிடைப்பதனால் இவற்றுக்குப் பலகாரம் என்ற மதிப்பைக்கூட எவரும் தருவதில்லை. அனுப்பப்படாத காரணத்தால், வெளியூரில் வளரும் பிள்ளைகளுக்கு இவற்றின் பெயரும் தெரிவதில்லை.

இவை விரைவில் ஆவதற்கு ஒரு காரணம் உண்டு. இவற்றின் மூலப்பொருள்கள் முன்னரே பாதி சமைக்கப்பட்டவை. நெல்லை ஊற வைத்து, வறுத்து, இடித்துத் தட்டையாக்கினால் அவல் ஆகிறது. பக்குவம் செய்த அரிசியைச் சூடான மணலில் இட்டுப் பொரித்தால் பொரி ஆகிறது. கடலையை வறுத்துத் தோல் நீக்கி உடைத்தால் பொட்டுக்கடலை ஆகிறது. நெருப்பின் முன் நிற்கும் வேலையை வேறொருவர் எங்கோ ஓர் ஊரில் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார். வீட்டில் எஞ்சுவது கலப்பதும் பொடிப்பதும் உருட்டுவதும்தான். இன்று விளம்பரங்களில் 'உடனடி உணவு' என்று கொண்டாடப்படுவது இதே செயல்முறைதான். அவலும் பொரியும் அப்பெயர் பெறாமலே பல தலைமுறையாக அந்த வேலையைச் செய்து வருகின்றன.

பொருள்கள் இங்குக் கிடைப்பதில்லை என்பது அடுத்துக் கூறப்படும் தடை. கிடைக்கின்றன, பெயர் மட்டுமே வேறு. அவலைப் போபாலில் போஹா என்றும், பட்னாவில் சூடா என்றும், கொல்கத்தாவில் சிரே என்றும் கேட்க வேண்டும். பொரியை இந்தி வழங்கும் ஊர்களில் முர்முரா என்பர், மும்பையில் குர்முரா, வங்காளத்தில் முரி, ஒடிசாவில் ஏறத்தாழ 'முடி' என்றே ஒலிக்கும். கடைக்காரர் 'முடி' என்று சொல்லிக்கொண்டே பொரியை அளந்து போடுவதை முதன்முறை காணும் தமிழ்ப் பிள்ளை சிரிக்காமல் இருப்பது கடினம். பொட்டுக்கடலையின் பெயர் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒன்றாக இல்லை. ஒரு வட்டாரத்தில் பொட்டுக்கடலை. ஒரு வட்டாரத்தில் பொரிகடலை. வேறொரு வட்டாரத்தில் உடைத்த கடலை. வடக்கே இந்தக் குழப்பம் இன்னும் பெருகும். மும்பையிலும் குசராத்திலும் 'தாலியா' என்று கேட்டால் பொட்டுக்கடலை வரும். தில்லியில் அதே சொல்லைச் சொன்னால் உடைத்த கோதுமையைக் கட்டிக் கொடுத்துவிடுவர். மும்பையிலிருந்து தில்லிக்கு மாற்றலாகி வரும் குடும்பங்கள் இதை ஒருமுறையேனும் அனுபவித்திருக்கும். தில்லியில் 'புனா சனா' என்று கேட்பதே முறை. அது தோலுடன் கிடைக்கும். உள்ளங்கையில் இட்டுத் தேய்த்து ஊதினால் தோல் பறந்துவிடும். மிஞ்சுவது பொட்டுக்கடலைக்கு மிக நெருங்கிய உறவு. பீகாரிலும் சார்க்கண்டிலும் வாழ்வோர்க்கு இந்த வேலையும் இல்லை. அங்கே ஒவ்வொரு கடையிலும் கிடைக்கும் சத்து மாவு வறுத்த கடலையை அரைத்தது. அதில் பிடிக்கும் உருண்டையின் நிறம் சற்று மங்கலாக இருக்கும். சுவையில் குறை சொல்ல முடியாது.

ஊரிலிருந்து பொட்டுக்கடலையைக் கூரியர் வழியாக வரவழைக்கும் வீடுகளும் உண்டு. அனுப்புவோரின் அன்பை மதிக்க வேண்டும். ஆயினும் அந்தக் கூரியர் செலவில் பக்கத்துக் கடையில் இரு மடங்கு பொருள் வாங்கிவிடலாம். தமிழ்ச் சுவை தமிழ்நாட்டு மண்ணில் விளைந்த கடலையில் மட்டும் இருக்கிறது என்று எண்ணுவது பிள்ளைகளுக்குத் தவறான பாடம் ஒன்றைக் கற்பிக்கிறது. வாழும் ஊர் தமக்கு உரியது அன்று, அங்கே கிடைப்பதெல்லாம் குறைபட்டது என்ற பாடம் அது.

ஒரு பண்டத்தை மட்டும் சற்று விரிவாகக் காணலாம். மாலாடு எனப்படும் பொட்டுக்கடலை உருண்டைக்கு அடுப்பின் தேவை நெய் உருக்கும் அளவே. ஒரு குவளை பொட்டுக்கடலை, முக்கால் குவளை சர்க்கரை, இரண்டு ஏலக்காய் ஆகியவற்றை மிக்சியில் நன்கு பொடித்துச் சலித்துக்கொள்ள வேண்டும். பொட்டுக்கடலையைத் தனியாகவும் சர்க்கரையைத் தனியாகவும் பொடிப்பது நலம். சேர்த்துப் பொடித்தால் கட்டி விழும். கால் குவளைக்குச் சற்று மிகுதியான நெய்யை உருக்கி, சூட்டோடு மாவில் ஊற்றிக் கரண்டியால் கலந்து, கை பொறுக்கும் சூடு வந்தவுடன் அழுத்தி உருட்ட வேண்டும். உருண்டை உடைந்தால் இன்னும் ஒரு கரண்டி சூடான நெய் போதும். சிறு எலுமிச்சை அளவில் பத்துப் பன்னிரண்டு உருண்டைகள் கிடைக்கும். சென்னையில் இதைச் செய்பவர் அறியாத ஓர் இடர்ப்பாடு வடக்கே உண்டு. தில்லியின் சனவரிக் குளிரில் நான்காவது உருண்டை பிடிப்பதற்குள் நெய் உறைந்து, மாவு மணல்போல் உதிரத் தொடங்கும். மாவுப் பாத்திரத்தை வெந்நீர் நிரம்பிய அகன்ற தட்டின்மேல் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இராது.

அவலுக்கு அந்த அளவு வேலைகூட இல்லை. மெல்லிய அவலாயின் ஒருமுறை அலசி வடித்தால் போதும். கெட்டி அவலாயின் பத்து நிமிடம் ஊற வேண்டும். பொடித்த வெல்லமும் தேங்காய்த் துருவலும் சேர்த்துப் பிசறிவிடலாம். தேங்காயின் விலை மிகுந்த ஊர்களில் வறுத்த வேர்க்கடலையைக் கொரகொரப்பாகப் பொடித்துத் தூவலாம். காரப் பொரிக்குச் சிறிது எண்ணெயில் கடுகு, தட்டிய பூண்டு, கறிவேப்பிலை, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் ஆகியவற்றைத் தாளித்து, அடுப்பை அணைத்த பின் பொரியைக் கொட்டிப் புரட்ட வேண்டும். மழைக்காலத்தில் பொரி நமுத்துவிடும். அதைத் தூக்கி எறியத் தேவையில்லை. வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் இரண்டு நிமிடம் புரட்டினால் பழைய மொறுமொறுப்பு திரும்பிவிடும்.

இனிச் செலவைக் காணலாம். பொட்டலத்தின்மேல் நிகர எடையும் விலையும் அச்சிடப்பட வேண்டும் என்பது சட்டம். பிள்ளைகளுள் பெரும்பாலோர் விலையைப் படிப்பர், எடையைப் படிக்கமாட்டார்கள். 10 ரூபாய்ப் பொட்டலத்தில் 20 கிராம் வறுவல் இருக்குமாயின், ஒரு கிலோ வறுவலுக்கு 500 ரூபாய் கொடுக்கிறோம் என்பது பொருள். ஒரு கிலோ பொட்டுக்கடலையின் விலை அதில் பாதியைத் தொடாது. உருளைக்கிழங்கின் விலையைச் சொல்லவே வேண்டா. பொட்டலம் பருத்திருப்பதற்குக் காரணம் அதனுள் அடைக்கப்படும் நைட்ரசன் வாயு. வறுவல் நமுக்காமலும் நொறுங்காமலும், அதிலுள்ள எண்ணெய் சிக்கு வாடை அடையாமலும் காக்கவே அது நிரப்பப்படுகிறது. இதில் ஏமாற்று ஏதும் இல்லை; எடை வெளிப்படையாக அச்சிடப்பட்டுள்ளது. ஆயினும் பொட்டலத்தின் பருமனைக் கண்டு பண்டத்தின் அளவை மதிப்பிடும் பழக்கத்தை விட்டுவிட, ஐந்தாம் வகுப்புக் கணக்கே போதுமானது.

வீட்டில் செய்தது என்பதனாலேயே ஒரு பண்டம் உடலுக்கு நன்மை செய்துவிடும் என்று சொல்வோரும் உளர். அவ்வாறு சொல்வது பிள்ளைகளை ஏமாற்றுவதாகும். வெல்லத்தின் பெரும்பகுதி சர்க்கரையே. மாலாட்டில் நெய்யும் சர்க்கரையும் கொஞ்சமாக இல்லை. ஒரு நாளைக்கு ஓர் உருண்டை இனிமை தரும்; ஆறு உருண்டை வயிற்றைக் கெடுக்கும். வீட்டுப் பண்டத்தின் உண்மையான சிறப்பு வேறு. அதில் என்ன சேர்ந்துள்ளது என்பது செய்தவர்க்குத் தெரியும். சர்க்கரையைக் குறைக்கலாம், உப்பைக் குறைக்கலாம், எண்ணெயை மாற்றலாம். பொட்டலத்தின் பின்புறத்தில் உள்ள சிறு எழுத்துகளைப் படிக்கலாமே அன்றி மாற்ற இயலாது.

வீட்டில் செய்க என்னும் அறிவுரை வழக்கமாகத் தாய்மாரை நோக்கியே சொல்லப்படுகிறது. மேடைகளிலும் இதழ்களிலும் இது பல காலமாக நடைபெறுகிறது. பேருந்திலும் மெட்ரோவிலும் நின்றபடியே வீடு திரும்பும் ஒரு பெண்ணிடம், மரபு காக்க இன்னும் ஒரு வேலையைச் செய்க என்று சொல்வது நேர்மையன்று. அவ்வாறு சொல்லும் ஆடவர் பலர் வெல்லம் தட்டும் கல் வீட்டில் எங்கே இருக்கிறது என்றுகூட அறியார். மாலைப் பசி பிள்ளைகளுடையது. எனவே அதற்கு உரிய வேலையும் பெருமளவு அவர்களுடையதாகவே இருத்தல் வேண்டும். ஆறாம் வகுப்பு மாணவன் அவலை அலசிப் பிசறுவதற்கு எவருடைய துணையும் வேண்டா. மிக்சியும் அடுப்பும் பயன்படும் இடத்தில் பெரியவர் ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். அப்பெரியவர் தந்தையாக இருக்கலாம். மகளிடம் மட்டும் கரண்டியைக் கொடுத்து மகனிடம் தொலைக்காட்சியின் இயக்கியைக் கொடுக்கும் வீடுகளில், இருவருமே கற்க வேண்டியதைக் கற்பதில்லை. வெளியூரில் தனி அறையில் தங்கிப் படிக்கும் காலம் இருவருக்கும் வரும். அப்பொழுது இரவு பத்து மணிப் பசி ஆண் பெண் என்று பார்த்து வருவதில்லை.

ஒரே ஓர் எச்சரிக்கை தேவை. பாகு காய்ச்சும் வேலையைச் சிறுவர் தனியே செய்தல் கூடாது. கொதிக்கும் பாகு கொதிக்கும் நீரைவிடச் சூடானது. தோலில் பட்டால் வழிந்து ஓடாமல் ஒட்டிக்கொள்ளும்.

பாகு என்றவுடன் 'பதம்' என்ற சொல் நினைவுக்கு வரும். பதம் என்பதற்குச் சொல் என்றும் பொருள் உண்டு. பக்குவ நிலை என்றும் பொருள் உண்டு. இரண்டாம் பொருளை அகராதியில் படித்துத் தெளிவாக உணர்வது கடினம். வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, கொதிக்க விட்டு, ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டுப் பார்க்க வேண்டும். கரைந்துபோனால் பாகு இன்னும் ஆகவில்லை. விரலால் கூட்டி எடுக்க வந்தால் மென்மையான உருண்டைக்கு உரிய பதம். கூட்டிய உருண்டையைத் தட்டில் எறிந்தால் 'டங்' என்று ஓசை எழுமாயின், அது கடலை மிட்டாய்க்கு உரிய பதம். அதற்கு மேல் ஒரு நிமிடம் விட்டாலும் பாகு முறுகிக் கசக்கும். கண்ணாலும் விரலாலும் செவியாலும் அறியப்படும் சொல் இது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழியைத் தேர்வில் எழுதும் மாணவர் பலர், அங்கே அச்சொல் என்ன வேலை செய்கிறது என்பதை அறியாமலே எழுதுகின்றனர்.

மத்தியப் பள்ளிகளில் தமிழை விருப்பப் பாடமாகப் பயிலும் பிள்ளைகள் இழந்துவருபவை இத்தகைய சொற்களே. 'அன்பு', 'அறிவு', 'நாடு' போன்ற சொற்களைப் பாடநூல் கற்பித்துவிடும். வறுத்தல், வதக்குதல், பொரித்தல், தாளித்தல், அவித்தல் ஆகியவற்றுக்கு இடையே உள்ள வேறுபாட்டைப் பாடநூலால் முழுதும் கற்பிக்க இயலாது. இந்தி பேசும் வீட்டில் வெங்காயத்தை வதக்குவதற்கும் கடலையை வறுப்பதற்கும் ஒரே வினைச்சொல் பெரும்பாலும் போதும். தமிழில் அவை இரண்டும் வேறு. முன்னதில் எண்ணெயும் ஈரமும் உண்டு, பின்னதில் இரண்டும் வேண்டா. இவ்வாறே இடித்தல், பொடித்தல், நுணுக்குதல், அரைத்தல், சலித்தல், புடைத்தல் என்பவை ஒன்றன் வேலையை மற்றொன்று செய்யாதவை. பட்டியலிட்டு மனப்பாடம் செய்யும் பிள்ளை தேர்வு முடிந்தவுடன் இவற்றை மறந்துவிடும். எள்ளை வறுத்து, அது படபடவென்று வெடிப்பதைக் கேட்டு, இறக்கி, ஆற வைத்து, வெல்லத்தோடு இடித்த பிள்ளை மறக்காது.

எள்ளுருண்டைக்குப் பாகும் கட்டாயம் இல்லை என்பதைப் பலர் அறியார். வறுத்த எள்ளையும் வெல்லத்தையும் சேர்த்து இடித்தால், எள்ளிலிருந்து கசியும் எண்ணெயே உருண்டை பிடிக்கப் போதுமானது. எண்ணெய் என்னும் சொல்லே எள்ளிலிருந்து எடுக்கப்படும் நெய் என்ற பொருளில் பிறந்தது. இன்று தேங்காய்க்கும் கடுகுக்கும் அச்சொல்லைப் பொதுவாக வழங்கிவிட்டு, எள்ளிலிருந்து வருவதற்கு 'நல்லெண்ணெய்' என்று தனிப்பெயர் சூட்டியிருக்கிறோம்.

பொங்கலை ஒட்டிய நாள்களில் இந்த எள்ளும் வெல்லமும் நாடெங்கும் கடைகளில் குவிந்திருக்கும். மராட்டியர் எள்ளும் வெல்லமும் கலந்த உருண்டையைக் கொடுத்து, இனிமையாகப் பேசுங்கள் என்று வேண்டிக்கொள்வர். கன்னடர் எள், வெல்லம், வேர்க்கடலை, கொப்பரை, பொட்டுக்கடலை ஆகிய ஐந்தையும் கலந்து அண்டை வீடுகளுக்கு வழங்குவர். பஞ்சாபியர் லோஹ்ரித் தீயின் முன் வேர்க்கடலையும் ரேவடியும் கொறிப்பர். பீகாரின் கயை நகரம் தில்குட் என்னும் எள் பண்டத்திற்குப் பெயர் பெற்றது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அதன் நெருங்கிய உறவான சிக்கி, மும்பைக்கும் புனேவுக்கும் இடையே உள்ள லோனாவாலாவில் கடைக்குக் கடை விற்கப்படுகிறது. எனவே எள்ளுருண்டையைப் பள்ளிக்கு எடுத்துச் செல்லும் தமிழ்ப் பிள்ளை அதைக் கூச்சத்துடன் டப்பாவின் மூடியால் மறைக்க வேண்டிய தேவை இல்லை. பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழி தன் வீட்டிலும் இதுவே உண்டு என்பாள். தன் மொழியில் வேறொரு பெயர் சொல்வாள். பகிர்வதற்கு முன் வேர்க்கடலையோ எள்ளோ ஒவ்வாதவர் எவரேனும் உளரா என்று கேட்டுக்கொள்வது மட்டும் நல்ல பழக்கம்.

இவற்றின் செய்முறை இணையத்தில் காணொளிகளாக நிறைந்து கிடக்கிறது. அதைக் காண்பதில் தவறில்லை. ஆனால் முதலில் கேட்க வேண்டியது ஊரில் இருக்கும் பாட்டியை. ஆச்சி, அப்பத்தா, அம்மாயி என வட்டாரத்துக்கு ஏற்ப அழைக்கப்படும் அந்த முதியவருடன் வெளியூர்ப் பேரப்பிள்ளைகள் தொலைபேசியில் பேசுவது பெரும்பாலும் ஒரு நிமிடம் நீள்வதில்லை. சாப்பிட்டாயா, நன்றாகப் படிக்கிறாயா என்ற இரு கேள்விகளுக்கும் 'ம்' என்ற விடை கிடைத்தவுடன் தொலைபேசி தாயின் கைக்குப் போய்விடுகிறது. பேசுவதற்கு ஒன்றும் இல்லை என்று பிள்ளை எண்ணுகிறது. தன் தமிழ் பேரப்பிள்ளைக்குப் புரியவில்லை போலும் என்று பாட்டி எண்ணுகிறார். அவல் எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று ஒரு கேள்வி கேட்டால் அந்த நிலை மாறிவிடும். கெட்டி அவலா, மெல்லிய அவலா என்று பாட்டி திருப்பிக் கேட்பார். அந்த வேறுபாடு தெரியாத பிள்ளை டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு வந்து விவரிக்க வேண்டியிருக்கும். வெல்லம் எவ்வளவு என்று கேட்டால் "ஒரு கை போடு, கண்ணு" என்று விடை வரும். யாருடைய கை என்று மீண்டும் கேட்க வேண்டும். கிராம் கணக்கில் அவரிடமிருந்து விடை பெற இயலாது. அவர் அளப்பது உழக்காலும் கையாலும் கண்ணாலும்தான். கேட்டதைத் தமிழில் ஒரு குறிப்பேட்டில் எழுதி, பாட்டியின் ஒரு கை தன் கையில் எத்தனை கை என்பதைச் செய்து பார்த்து அதன் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்பொழுது, உருண்டை பிடிக்க வந்ததா என்று பாட்டி கேட்பார்.